ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு
வில்சன் கார்டன் ஏழாவது கிராஸில்
தேவய்யாவின் எஸ்டீம் வந்து நிற்கும்.
அணைத்து ஐந்து நிமிடம் பொறுப்பார்.
ஆயில் குச்சியை உருவி
பனியன் துணியில் துடைத்து
மறுபடி செருகி உருவி
வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார்,
பிள்ளைக்கு ஜுரம் பார்க்கிறவர் போல.
போன வாரம் இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்த பளபளப்பு
இந்த வாரம் கீழ்க்கோட்டுக்கும் கீழே.
'ஆயில் குடியுத்தெ' என்பார்.
எங்கள் இருவர் பாஷையிலும் அது குடிதான்.

எஞ்சினை இறக்கி ஏற்றி நாற்பது நாள்.
நாற்பத்தெட்டாயிரத்து முந்நூறு ரூபாய்.
பில்லில் என் கையெழுத்து.

அட்டை விரித்து அடியில் படுத்துப் பார்த்தேன்.
ஒரு சொட்டு இல்லை.
கசிந்திருந்தால் நன்றாயிருக்கும்.
கசிவுக்கு ஓர் இடம் உண்டு,
விரல் வைத்துக் காட்டலாம்.
இது உள்ளேயே எரிந்து
சில்க் போர்டு சிக்னலில் யார் மூக்கிலோ முடிகிறது.

முதலில் அவரைத்தான் சொன்னேன்.
'பயந்து பயந்து ஓட்டினால்
புது ரிங் சுவரில் உட்காராது சார்.'
பாவம், அறுபத்தேழு வயதில்
நைஸ் ரோட்டில் மூன்றாவது கியரில்
மிதித்து விட்டு, மிதித்து விட்டு
முந்நூறு கிலோமீட்டர் போய்வந்தார்.
பிறகு நூருல்லாவைச் சொன்னேன்,
ஜே.சி. ரோட்டுச் சந்தில் போர் போடுகிறவரை.
அவர் கோபப்படவில்லை.
ஹோனிங் கல்லை மேஜைமேல் எடுத்துவைத்துவிட்டு
எனக்கு டீ சொன்னார்.
பிறகு ஆயில் கம்பெனியை.
பிறகு பிசிவி வால்வை;
காதருகே ஆட்டினேன்,
கிலுகிலுப்பை மாதிரி ஒழுங்காகச் சத்தம் போட்டது.

விடிகாலை முதல் ஸ்டார்ட்டில் புகை இல்லை.
வால்வு சீல் தப்பித்தது.

நந்தி மலை இறக்கம்.
அவர் முன்னால், ஸ்கூட்டரில் நான் பின்னால்.
காலை எடுத்துவிட்டு இரண்டாவது கியரிலேயே இறங்கி
கடைசி வளைவு தாண்டி மிதித்தார்.
வந்தது.
அத்தனை பனிக்குள்ளும் தனியாகத் தெரிந்த நீலம்.
நாக்கில் கசந்தது.

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தேன்.
ஒன்று, இரண்டு, நான்கு, பிஸ்கட் நிறம்.
மூன்று, ஈரக் கறுப்பு.
கேஜ் வைத்தால் மூன்றாவதிலும் நூற்றெண்பது!
காற்றைப் பிடிக்கிறது, எண்ணெயைக் குடிக்கிறது.
பிடிக்கிற ரிங் வேறு
வழிக்கிற ரிங் வேறு என்று
எனக்குத் தெரியாதா,
தெரிந்துதான்
இரண்டு நாள் ஹெட்டைத் திறக்காமல் இருந்தேன்.

ஞாயிறு. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மூன்றாவது பிஸ்டனை உருவினேன்.
இரண்டாவது ரிங்கில்
கடுகில் பாதி அளவுக்கு ஓர் எழுத்து குத்தியிருப்பார்கள்.
அது மேலே பார்க்கவேண்டும்.
கீழே பார்த்துக்கொண்டிருந்தது.
சுவரை வழித்துக் கீழே தள்ளவேண்டியது
வழித்து வழித்து மேலே கொடுத்திருக்கிறது.
ரிங்கைக் குற்றம் சொல்ல முடியாது.
போட்டபடி வேலை செய்திருக்கிறது,
ஒரு நாள் லீவு இல்லாமல்.

அதை மாட்டிய நாளை நினைத்துப் பார்த்தேன்.
கரண்ட் போகவில்லை.
போன் வரவில்லை.
வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை.
ஒரு வியாழக்கிழமை.
இரண்டுக்குப் பிறகு மூன்று,
மூன்றுக்குப் பிறகு நான்கு.

நூருல்லாவுக்குப் போன் போட்டேன்.
'எத்தனாவது?' என்றார்.
'மூன்று' என்றேன்.
'ம்' என்றார்.

தேவய்யா வந்தபோது
டிக்கியில் புது ஆயில் டின் இருந்தது,
வழக்கம்போல.
ரிங்கை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார்.
படிக்கிற கண்ணாடியை விட்டுவிட்டு வந்திருந்தார்.
'எல்லிதெ?' என்றார்.
அவர் விரலைப் பிடித்து
அந்த எழுத்தின்மேல் வைத்தேன்.